முந்திச் சொன்ன ஸ்தோத்திரம்

1

நம் சபையின் மாதப் பத்திரிகைக்கு ஏதாவது எழுதித் தரும்படி போதகர் ஐயா இரண்டு முறை ஆள் விட்டுக் கேட்டார். மூன்றாவது முறை அவரே போன் செய்தார். "பெங்களூருக்குப் போய்ப் பத்து வருஷம் ஆயிடுச்சேப்பா. தாமதத்துலயும் தடையிலயும் ஆண்டவர் உன்னை எப்படி நடத்தினார்னு எழுது. உன்னை விட்டா அதுக்கு வேற ஆள் இல்ல" என்றார். தலைப்பு அவருடையது. நான் எழுதுகிற விஷயம் அவர் நினைத்த மாதிரி இருக்குமா என்று தெரியவில்லை. பிடிக்காவிட்டால் போட வேண்டாம்.

ராணிப்பேட்டையில் இருக்கிற உங்களுக்குப் பெங்களூர் ஒரு வெளியூர், அவ்வளவுதான். காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஊருக்கு வந்துவிடலாம். துபாயிலிருந்தும் கனடாவிலிருந்தும் எழுதுகிறவர்களுக்கு நடுவில் நான் எப்படிப் புலம்பெயர்ந்தவன் ஆவேன் என்று என் அண்ணனே சிரிக்கிறார். நான் சொல்வது ஒன்றுதான். அந்நிய தேசத்துக்குக் கடல் தாண்ட வேண்டியதில்லை. ஒரு அலுவலக ஜன்னலில் நின்று உங்கள் சொந்த மொழியில் கோபப்பட முடியாவிட்டால் அது அந்நிய தேசம்தான்.

ஜீவனஹள்ளியில் ஒரு மாடியில் இரண்டு அறை. அடுகோடியில் ஒரு லேத் பட்டறையில் ஸ்டோர் கீப்பர் வேலை. இரண்டுக்கும் நடுவில் சிவாஜிநகரில் ஒரு பஸ் மாறல். இந்தப் பத்து வருடத்தில் எத்தனை நாளை நான் சிக்னலில் நின்ற பஸ்ஸுக்குள் கழித்திருப்பேன் என்று கணக்குப் பார்க்கப் பயமாக இருக்கிறது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, முன்னால் நிற்பவரின் சட்டைக் காலரைப் பார்த்துக்கொண்டு, இதிலும் ஒரு நோக்கம் இருக்கிறது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

2

அப்படிச் சொல்லிப் பழகியது ஏன் என்று உங்களில் பெரியவர்களுக்குத் தெரியும். சின்னவர்களுக்காக எழுதுகிறேன்.

மெட்ராஸில் ஒரு கம்பெனி இன்டர்வியூவுக்கு அழைத்திருந்தது. காட்பாடி ஸ்டேஷனில் நான் மேம்பாலத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரயில் கிளம்பிவிட்டது. பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அழுதேன், வெட்கமில்லாமல். பக்கத்தில் பெங்களூர் வண்டிக்காகக் காத்திருந்த ஒருவர் என்ன ஏது என்று விசாரித்தார். அவர்தான் இந்த அடுகோடிப் பட்டறையைப் பற்றிச் சொன்னார். நான் பெங்களூரில் வேலையில் சேர்ந்த சில மாதத்திலேயே அந்த மெட்ராஸ் கம்பெனி கதவை மூடிவிட்டது.

விடுமுறைக்கு வந்தபோது இதைச் சபையில் எழுந்து நின்று சாட்சியாகச் சொன்னேன். அன்றிலிருந்து எனக்கு ஊரில் 'ரயிலை விட்டவர்' என்று பெயர். என் சாட்சியை வைத்துப் போதகர் ஐயா இரண்டு பிரசங்கம் செய்துவிட்டார்.

ஒரு தரம் காரணம் கிடைத்துவிட்டால் மனுஷன் விடுவானா? அதற்குப் பிறகு நின்றுபோன எல்லாவற்றுக்கும் காரணம் தேட ஆரம்பித்தேன். கேஸ் சிலிண்டர் வராததற்கும், போன் இணைப்புக்குப் பதிவு செய்து வருடக்கணக்கில் காத்திருந்ததற்கும். என் மனைவி கிரேஸ் ஒருநாள் கேட்டாள்: "ஏங்க, பால்காரன் லேட்டா வர்றதுக்கும் ஒரு நோக்கம் இருக்குதா? இருந்தா சீக்கிரம் சொல்லுங்க. காபி இல்லாம எனக்குத் தலை வலிக்குது."

நான் சிரிக்கவில்லை. அவளுக்கு விசுவாசம் போதாது என்று நினைத்தேன்.

3

நாங்கள் வந்த முதல் வருடத்திலேயே தண்ணீர்ச் சண்டையில் ஊர் பற்றி எரிந்தது. அது உங்களுக்குப் பேப்பரில் வந்த செய்தி. எங்களுக்கு அது பூட்டிய கதவு. பல நாள் அந்த இரண்டு அறைக்குள் அடைந்து கிடந்தோம். ரேடியோவைக்கூடத் தாழ்வாக வைத்துக் கேட்டோம். எங்கள் மகள் பெனிட்டாவுக்கு அப்போது ஏழு வயது. அவளை மடியில் உட்காரவைத்து நான் சொன்னது இன்றைக்கும் என் காதில் கேட்கிறது: "வெளியே போனா தமிழ் பேசக் கூடாது. யார் கேட்டாலும் கன்னடத்துல பதில் சொல்லணும். புரிஞ்சுதா?"

அவளுக்குப் புரிந்தது. சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. சில மாதத்தில் தெருப் பிள்ளைகளோடு கன்னடத்திலேயே சண்டை போட்டாள். பிறகு கன்னடத்திலேயே கனவு கண்டு தூக்கத்தில் பேசினாள். நாங்கள் மறுபடி தைரியமாகத் தமிழ் பேச ஆரம்பித்தபோது அவள் தூரம் போய்விட்டிருந்தாள். வீட்டில் தமிழில் பேசுவாள். எழுத்துக் கூட்டிக்கூடப் படிக்கத் தெரியாது. சபையில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாயை மட்டும் அசைப்பாள். பிறகு அதுவும் நின்றது. ஞாயிற்றுக்கிழமை என்றால் வயிற்று வலி வந்துவிடும்.

என் நாக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? கன்னடம் எனக்குப் பஸ் டிக்கெட் வாங்குகிற அளவுக்குத்தான் வரும். ஆனால் போன தடவை ஊரில் அண்ணி சோறு போடும்போது, போதும் என்பதற்கு "சாக்கு" என்று சொல்லிவிட்டேன். அண்ணி கோணிப்பை எதற்கு என்று கேட்டார். இங்கேயும் சேராமல் அங்கேயும் சேராமல் நடுவில் நிற்கிற நாக்கு.

4

இந்த வருடம் பெனிட்டா பி.யூ.சி., அதாவது நம் ஊர் பிளஸ் டூ, முடித்தாள். நர்சிங் சேர்ப்பது என்று முடிவு செய்தோம். நம் ஊரில் பாதி வீட்டில் ஒரு நர்ஸ் உண்டு. எங்கே போனாலும் வேலை நிச்சயம். அவளைக் கேட்டீர்களா என்றால், சொன்னோம். "சரிப்பா" என்றாள்.

சர்க்கார் ஒதுக்கீட்டில் சீட்டு வாங்க அவள் இந்த மாநிலத்தில்தான் இத்தனை வருடம் படித்தாள் என்று சான்றிதழ் வேண்டும். அவள் படித்த ஆரம்பப் பள்ளியை மூடிவிட்டார்கள். அதன் பதிவேடுகள் ஒரு கல்வி அலுவலகத்தின் அலமாரியில் இருந்தன. அங்கே மனுப் போட்டோம். செவ்வாய்க்கிழமை கையெழுத்தாகிவிடும் என்றார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் மல்லேஸ்வரம் பக்கத்தில் இருக்கிற அட்மிஷன் அலுவலகத்தில் அதைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் சீட்டு அடுத்த பெயருக்குப் போய்விடும்.

இந்த இடத்தில்தான் நான் செய்த காரியத்தை எழுத வேண்டும். எங்கள் பெங்களூர் சபையிலும் நம் ஊர் வழக்கம்தான். ஆண்டவர் செய்த நன்மைக்கு ஸ்தோத்திரக் காணிக்கை கொடுக்கிறவர்கள் கவரின்மேல் காரணத்தை எழுதுவார்கள். செயலர் அதை ஆராதனையில் உரக்க வாசிப்பார். நான் காணிக்கை கொடுத்தது அந்தச் செவ்வாய்க்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. அதற்கும் முந்திய வாரம் ஒரு வெளியூர்ப் பிரசங்கியார் வந்திருந்தார். கிடைத்த பிறகு நன்றி சொல்வது யாராலும் முடியும், கிடைப்பதற்கு முன்னால் சொல்வதுதான் விசுவாசம் என்று மேசையைத் தட்டிச் சொன்னார். எனக்கு அது நேராக உள்ளே இறங்கியது. கவரின்மேல் எழுதினேன்: 'மகள் பெனிட்டாவுக்கு நர்சிங் சீட் கிடைத்த நன்மைக்காக.'

'கிடைக்கப்போகிற' என்று எழுதியிருக்கலாம். எழுதினால் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

செயலர் வாசித்தார். சபை முழுக்க "ஆமென்" என்றது. அன்று பெனிட்டாவும் வந்திருந்தாள், கிரேஸ் எப்படியோ இழுத்து வந்திருந்தாள். வாசலில் ஒவ்வொருவராக அவள் கையைக் குலுக்கினார்கள். "சீட்டு இன்னும் வரலீங்க, விசுவாசத்துல சொன்னேன்" என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் அடுத்த கை நீண்டுவிட்டது. மறுநாள் எங்கள் கீழ் வீட்டில் தையல் வேலை செய்கிற மேரியக்கா வெள்ளைத் துணியும் டேப்பும் எடுத்துக்கொண்டு மாடிக்கே வந்துவிட்டார், யூனிபார்ம் தைத்துத் தருவது தன் காணிக்கை என்று சொல்லி. பெனிட்டா கையை விரித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றாள். மேரியக்கா அளந்தார்.

அந்தத் திங்கட்கிழமையிலிருந்து எனக்கு ஒரே யோசனைதான். சீட்டுக் கிடைக்காவிட்டால் நான் மட்டுமா பொய்யனாவேன்? ஆண்டவர் பெயரையும் அல்லவா இழுத்துவிட்டிருக்கிறேன்.

5

செவ்வாய்க்கிழமை பட்டறையில் சரக்கு சரிபார்க்கும் நாள். ஸ்டோர் கீப்பர் லீவு கேட்கவே முடியாது. புதன்கிழமை காலை ஆறு மணிக்கே கிளம்பிப் போய் அந்த அலுவலக வாசலில் நின்றேன். பதினொரு மணிக்குப் பியூன் வந்து, அதிகாரி சாஹேப்ரு ஆனேக்கல் பக்கம் மீட்டிங் போயிருக்கார், கிளார்க்கும் கூடவே போயிருக்கார், அலமாரிச் சாவி கிளார்க்கிடம் இருக்கிறது என்றான். ஜன்னல் திறக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து, "ஆண்டவர் பொறுமை கத்துக் குடுக்கிறார்" என்றேன்.

பெனிட்டா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "கவுண்டர் வரைக்கும் போனீங்களாப்பா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அக்கறையாகக் கேட்கிறாளே என்று எனக்கு மனசு குளிர்ந்தது.

வியாழக்கிழமையும் ஆறு மணிக்குக் கிளம்பினேன். ஜன்னல் திறந்தது. வரிசை மதில்வரை போயிருந்தது. எனக்கு முன்னால் நின்ற ஒரு முஸ்லிம் அம்மாவுக்குப் பாரம் பூர்த்தி செய்து கொடுத்தேன். ஒருவேளை இதற்காகத்தான் நேற்று திருப்பி அனுப்பினாரோ என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். மத்தியானம் ஜன்னலை இழுத்து மூடினார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு கரண்ட் இல்லை என்று திறக்கவில்லை. எனக்கு அரை நாள் லீவுதான். திரும்பிவிட்டேன். அன்று வீட்டில் காரணம் ஒன்றும் சொல்லவில்லை.

"இன்னிக்கும் கவுண்டர் கிட்ட போகலையா?" என்றாள் பெனிட்டா.

"போகல" என்று கத்தினேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை முழு நாள் லீவு. வெயிலில் நின்று நின்று எனக்கு ஜெபமே வரவில்லை. "ஐயோ ஆண்டவரே, அந்த ஆளை நாற்காலியில உட்கார வையும்" என்பது மட்டும் வந்தது. மூன்றேகாலுக்கு ஜன்னலை அடைந்தேன். மகள் பெயரைச் சொன்னேன். கிளார்க் இஷ்யூ ரெஜிஸ்டரைப் புரட்டினார். விரலை ஒரு வரியில் வைத்து என்னைப் பார்த்தார்.

"ஆகலே கொட்டாய்த்தல்லா, சார்" என்றார். எனக்குப் புரியவில்லை என்று நினைத்துத் தமிழில் சொன்னார்: "செவ்வாய்க்கெழமயே குடுத்தாச்சு சார். உங்க பொண்ணே வந்து வாங்கினாங்க. இதோ பாருங்க சைன்."

ரெஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார். கன்னட எழுத்தில் அழகான கையெழுத்து. நான் தட்டுத் தடுமாறிக் கூட்டிப் படித்தேன். பெனிட்டா.

அங்கே இல்லாத காகிதத்துக்காக மூன்று நாள் வரிசையில் நின்றிருக்கிறேன்.

6

ஆட்டோ பிடித்தேன். வீட்டுக்குப் போய்ச் சான்றிதழைப் பிடுங்கிக்கொண்டு அதே ஆட்டோவில் ஓடினால் ஐந்து மணிக்குள் மல்லேஸ்வரம் சேர்ந்துவிடலாம். ஜீவனஹள்ளிக்கு முன்னால் ரயில்வே கேட் மூடியிருந்தது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு, "கூட்ஸ் வண்டி சார். லேட் ஆகும்" என்றார்.

முன்னால் ஒரு லாரி, பின்னால் ஒரு பஸ், பக்கத்தில் தள்ளுவண்டி. இறங்கவும் முடியாது, திரும்பவும் முடியாது. அவளை என்ன சொல்லித் திட்டுவது என்று ஒத்திகை பார்த்தேன். எந்த மொழியில் திட்டினால் அவளுக்கு உறைக்கும் என்றுகூட யோசித்தேன். இடையில் ஆண்டவரையும் ஒரு பிடி பிடித்தேன். "ஒரு தடவையாவது எதையாவது நேரத்துக்குத் திறக்கக் கூடாதா?" கூட்ஸ் வண்டி நிதானமாகப் போய்க்கொண்டே இருந்தது. பெட்டிகளை எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன்.

ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு மாடி ஏறியபோது நாலு மணி தாண்டியிருந்தது. அம்மாவும் மகளும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள்.

"சர்டிபிகேட் எங்கே?" என்றேன்.

கிரேஸுக்கு ஒன்றும் தெரியாது என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. பெனிட்டா கீரைத் தண்டைக் கீழே வைத்தாள். "உங்க பைபிள்ல இருக்குப்பா."

"எங்கே?"

"பைபிள்ல. புதன்கிழமை விடியகாலையிலயே வெச்சுட்டேன். நீங்க டெய்லி எழுந்ததும் அதைத்தானே தொறப்பீங்க. பாத்தா ஏன்னு கேப்பீங்க, கேட்டா சொல்லிடலாம்னு இருந்தேன். நானாச் சொல்ல வாய் வரலப்பா. சர்ச்சுல எல்லாரும் கை குலுக்கிட்டாங்க. அந்த ஆன்ட்டி அளவு வேற எடுத்துட்டாங்க. நான் என்ன பண்றது?"

நான் அலமாரிக்குப் போனேன். புதன், வியாழன், வெள்ளி. மூன்று நாளும் வரிசையில் முந்த வேண்டும் என்று இருட்டோடு இருட்டாக ஓடியிருக்கிறேன். புத்தகத்தைத் தொடவே இல்லை. நாடாக் குறி வைத்திருந்த பக்கத்திலேயே சான்றிதழ் இருந்தது, மடிப்புக் கலையாமல், ஊதா முத்திரையோடு.

அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. "இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. ஆட்டோ கீழே நிக்குது. செருப்பை மாட்டு."

"வரேம்பா" என்று எழுந்துவிட்டாள். செருப்பு இருந்த இடத்துக்குப் போய்விட்டுத் திரும்பிப் பார்த்தாள். "ஆனா எனக்கு நர்சிங் வேணாம். யாரும் கேக்கல, அதான் சொல்லல."

"பின்ன என்ன வேணும்?"

"பி.ஏ. கன்னடா."

கன்னடமா? எந்த மொழியில் நான் பத்து வருடமாக ஜன்னல் ஜன்னலாக அசடு வழிகிறேனோ அந்த மொழியையா? ஊருக்கு என்ன பதில் சொல்வேன், சபைக்கு என்ன சொல்வேன் என்றெல்லாம் ஓடியது. வாயிலிருந்து வந்தது வேறு. "மூணு நாள் நான் வெயில்ல நின்னேனே. உனக்கு ஒண்ணுமே தோணலயா?"

அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "தோணிச்சுப்பா. நீங்க கெளம்பிப் போனதும் தினமும் முட்டி போட்டு ப்ரே பண்ணேன்."

"என்னன்னு?"

"அந்தக் கவுண்டர் தெறக்கக் கூடாதுன்னு. நீங்க அங்க தெரிஞ்சுக்கக் கூடாது, வீட்ல பைபிளைத் தொறந்து தெரிஞ்சுக்கணும்னு."

இவள் ஜெபத்தையே விட்டுவிட்டாள் என்று போதகர் ஐயாவிடம் போனில் நானே அழுதிருக்கிறேன். ஒரே வீட்டிலிருந்து, ஒரே ஜன்னலைப் பற்றி, ஒரே ஆண்டவருக்கு இரண்டு மனு போயிருக்கிறது. திறக்க வேண்டும் என்று நான். திறக்கக் கூடாது என்று அவள். இரண்டு நாள் அவள் மனுதான் மேலே இருந்திருக்கிறது.

இதற்குமேல் எனக்கு வேதசாஸ்திரம் தெரியாது. ஒன்றை மட்டும் எழுதுகிறேன். இத்தனை வருடம் எந்தத் தாமதம் வந்தாலும் இதில் எனக்கு என்ன என்றுதான் தேடினேன். அது இன்னொருவர் அழுது கேட்டு வாங்கிய தாமதமாக இருக்கலாம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அந்த இன்னொருவர் என் வீட்டிலேயே, அடுத்த அறையிலேயே இருந்திருக்கிறாள்.

கீழே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். கிரேஸ்தான் பேசினாள். "கேட்டீங்க, சொல்லிட்டா. இப்ப உக்காருங்க." அவளே இறங்கிப் போய் ஆட்டோவை அனுப்பிவிட்டு வந்தாள். நான் உட்கார்ந்தேன். கடிகாரம் ஐந்தைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிம்மதி வந்தது என்று எழுதினால் பொய். கிணற்றுக்குள் விழுந்தவன் மாதிரிதான் இருந்தது. இன்றைக்கும் பல நாள் அப்படித்தான் இருக்கிறது.

7

ஞாயிற்றுக்கிழமை செயலரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். கவரில் எழுதியதைத் திருத்தி வாசிக்க முடியுமா என்று கேட்டேன். அவர் சங்கடப்பட்டார். "ஸ்தோத்திரத்தை வாபஸ் வாங்கற வழக்கம் நம்ம சபையில இல்லண்ணே" என்றார். அதனால் நானே எழுந்து நின்று சொன்னேன், சீட்டுக் கிடைக்கவில்லை, நான் முந்திவிட்டேன் என்று. யாரும் ஆமென் சொல்லவில்லை. மேரியக்கா மட்டும் வெளியே வந்து, "வெள்ளைத் துணிதானே, ஞானஸ்நானத்துக்கு யாருக்காவது ஆகும், விடுங்க" என்றார்.

அன்று சாயங்காலம் பெனிட்டா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மறுநாள் காலேஜில் பாரம் கொடுக்க வேண்டுமாம். அதற்கும் இதே சான்றிதழ்தான் வேண்டுமாம்.

"நானும் வரேன். லீவு எழுதிக் குடுத்துட்டேன்" என்றேன். உண்மையாகவே கொடுத்திருந்தேன்.

அவள் என் கையைத் தொட்டுக்கொண்டு, மனசு நோகாமல் சொல்ல வேண்டுமே என்கிற மாதிரிச் சொன்னாள். "வேணாம்பா. நீங்க வந்தா லேட் ஆகும்."

திங்கட்கிழமை அவள் தனியாகப் போனாள். நான் லீவில் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். பதினொன்றரைக்கெல்லாம் வேலையை முடித்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டாள்.